கல்லில் பதிந்த கால்கள்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஓலையில் எழுதியதைப் படிப்பவர் உண்டு. கல்லில் பொறித்ததைப் படிப்பவரும் உண்டு. எவரும் எழுதாமல் இயற்கையே கல்லில் பதித்து வைத்ததைப் படிப்போரும் உலகில் உள்ளனர். அவர்களே தொல்லுயிர் ஆய்வாளர்கள். ஏறத்தாழ 31 கோடி ஆண்டுகளுக்குமுன் வாழ்ந்து மறைந்த முள்முதுகு மரவட்டைகளைப் பற்றி அவர்கள் படித்தறிந்தவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது. கூடவே, மழைக்காலத்தில் நம் வீட்டு வாசலில் ஊர்ந்து செல்லும் ஓர் எளிய உயிரின் பெருமையையும் உணர்த்துகிறது.

ஓலை அழிந்தது, கல் நின்றது

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டதையும், தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததையும் தெரிவிக்கின்றன. ஏரியைக் காக்க ஏரி வாரியமும் தோட்டங்களைப் பேணத் தோட்ட வாரியமும் இருந்த செய்தியை நாம் அவற்றால் அறிகிறோம்.

அன்று குடத்தில் இடப்பட்ட ஓலைகளுள் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. ஓலை எளிதில் மக்கும், செல்லரிக்கும். ஆயினும் அச்செயலைப் பற்றிய செய்தி கல்லில் ஏறியதால், ஆயிரத்து நூறு ஆண்டுகள் கடந்தும் நிலைத்து நிற்கிறது.

உயிர்களின் வரலாறும் இத்தகையதே. உடல் ஓலையைப் போன்றது, விரைவில் அழிந்துபடும். அது மண்ணில் புதையுண்டு, அதன் வடிவம் பாறையில் பதியுமாயின், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின்னரும் அவ்வுயிர் வாழ்ந்ததற்குச் சான்றாக நிற்கும். இவ்வாறு பாறையில் எஞ்சிய தடயத்தையே புதைபடிவம் என்கிறோம். கல்வெட்டைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். புதைபடிவத்தைப் படிக்க, இன்று வாழும் உயிர்களின் உடலமைப்பைப் பற்றிய அறிவு வேண்டும். ஆதலால், முதலில் நம் கண்முன் ஊரும் மரவட்டையை அறிவோம்.

வாசலில் ஊரும் உயிர்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலியோரத்திலும் சருகுக் குவியலிலும் திண்ணையடியிலும் மரவட்டைகள் தலைகாட்டும். பல பெட்டிகள் இணைந்து செல்வதுபோலத் தோன்றுவதால் சிறுவர் இதனை 'ரயில் பூச்சி' என்பர். தொட்டவுடன் சுருள்வில்போலச் சுருண்டு கொள்ளும். இது பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிகளுக்கு ஆறு கால்களே உண்டு. மரவட்டை, கணுக்காலிகள் என்னும் பெருந்தொகுதியுள் பலகாலிகள் என்னும் பிரிவைச் சார்ந்தது.

பூரானும் பலகாலியே. ஆயினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. பூரானின் உடற்கண்டம் ஒவ்வொன்றிலும் ஓரிணைக் கால்களே இருக்கும். மரவட்டையின் பெரும்பாலான கண்டங்களில் ஈரிணைக் கால்கள் இருக்கும். கரு வளர்ச்சியில் இரண்டு கண்டங்கள் ஒன்றாக இணைவதால் இவ்வமைப்பு உண்டாகிறது. பூரான் நஞ்சுடைய வேட்டையாடி. மரவட்டையோ மக்கிய இலைகளையும் மட்கிய மரத்தையும் உண்டு வாழ்வது. அது கடிப்பதில்லை. பகை நெருங்கினால் சுருண்டு கொண்டு, உடலின் பக்கங்களிலுள்ள நுண்துளைகள் வழியாகக் காரமான நீர்மத்தைக் கசியவிடும். அந்நீர்மம் கண்ணில் பட்டால் எரிச்சல் தரும்.

இன்று உலகில் ஏறத்தாழ 12,000 மரவட்டை இனங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் 'ஆர்த்ரோஸ்பேரா' என்னும் வகை, அஞ்சினால் கோலிக்குண்டுபோல உருண்டையாகிவிடும்.

தெரிந்து தெளிவோம்

மரவட்டையை ஆங்கிலத்தில் 'மில்லிபீட்' என்பர். ஆயிரங்கால் உடையது என்பது அதன் பொருள். ஆனால் நெடுங்காலம்வரை ஆயிரம் கால்களுடைய மரவட்டை எதுவும் கண்டறியப்படவில்லை. ஆஸ்திரேலியாவில் நிலத்தடியிலிருந்து கிடைத்து, 2021-ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட 'யூமில்லிபெஸ் பெர்செஃபோனி' என்னும் இனத்தில் 1306 கால்கள் எண்ணப்பட்டன. அதன்பின்னரே அப்பெயர் மெய்ப்பெயர் ஆயிற்று. நம் கோயில்களிலுள்ள ஆயிரங்கால் மண்டபங்களிலும் 'ஆயிரம்' என்பது பெரும்பாலும் மிகுதியைக் குறித்து நிற்பதை ஒப்பிட்டு நோக்குக.

முள்முதுகுக் குடும்பம்

இன்றைய மரவட்டைகளுள் பலவற்றின் முதுகு வழவழப்பானது. ஆனால் கார்பானிஃபெரஸ் எனப்படும் கரிமக் காலத்தின் பிற்பகுதியில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் முதுகும் பக்கங்களும் முட்களால் நிறைந்திருந்தன. அக்குடும்பத்திற்கு அறிவியலார் இட்ட பெயர் 'யூஃபோபெரிடே' என்பதாகும். அதன் முதன்மையான பேரினமாகிய யூஃபோபெரியாவை, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கிடைத்த படிவங்களைக்கொண்டு ஃபீல்டிங் மீக், அமோஸ் வொர்தன் ஆகிய இருவரும் 1868-இல் விவரித்தனர். பின்னர், 1882-இல் சாமுவேல் ஸ்கடர் என்னும் ஆய்வாளர், முள்ளுடைய இத்தொல்பலகாலிகளை இன்றைய மரவட்டைகளிலிருந்து பிரித்துத் தனிப்பிரிவாக வகுத்தார்.

இவற்றின் உறவினங்களுக்குச் சூட்டப்பட்ட பெயர்களும் எண்ணத்தக்கவை. 'அகாந்தர்பெஸ்டிஸ்' என்பது முள், ஊர்வது என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை. 'மிரியாகாந்தர்பெஸ்டிஸ்' என்பதற்கு எண்ணற்ற முட்களோடு ஊர்வது என்று பொருள் கொள்ளலாம். முட்கள் எல்லாம் ஒரே அளவினவாக இருக்கவில்லை. பக்கவாட்டில் இருந்தவை நீண்டிருந்தன. சில இனங்களில் அவை கவைத்தும் இருந்தன. மிகப் பெரிய இனங்கள் ஏறத்தாழ 30 செ.மீ. நீளம்வரை வளர்ந்தன. பள்ளியில் நாம் பயன்படுத்தும் அளவுகோலின் நீளத்தை எண்ணிப் பார்த்தால் அதன் உருவம் மனத்தில் தோன்றும்.

இவை வாழ்ந்த காடும் நாம் காணும் காடு போன்றதன்று. அக்காலத்தில் பூக்கும் தாவரங்கள் இல்லை. எனவே ஆலும் இல்லை, வேம்பும் இல்லை, புல்லும் இல்லை. முப்பது மீட்டருக்கு மேல் ஓங்கிய லெபிடோடெண்ட்ரான் மரங்களும் மரப்பெரணிகளும் சதுப்பு நிலமெங்கும் நிறைந்திருந்தன. பறவைகளும் பாலூட்டிகளும் தோன்றவில்லை. நீருக்கும் நிலத்துக்குமாகத் திரிந்த இருவாழ்விகளும் தேள்களும் சிலந்தியின் உறவினங்களும் இரைதேடி அலைந்தன. அவற்றின் வாய்க்கு எளிதில் அகப்படாமல் இருக்க, முள் ஒரு கவசமாக உதவியிருக்க வேண்டும். காற்றில் உயிர்வளியின் பங்கு இன்று 21 விழுக்காடு. கரிமக் காலப் பிற்பகுதியில் அது 30 விழுக்காட்டை ஒட்டியிருந்தது எனக் கணிக்கின்றனர்.

அதே காலத்தில் 'ஆர்த்ரோப்ளூரா' என்னும் பேருருவப் பலகாலியும் வாழ்ந்தது. இங்கிலாந்தின் நார்தம்பர்லாண்டு கடற்கரையில் 2018-இல் உடைந்து விழுந்த பாறையில் அதன் உடற்பகுதி ஒன்று கிடைத்தது. அதனை ஆராய்ந்தோர், அவ்வுயிர் ஏறத்தாழ 2.6 மீட்டர் நீளமும் 50 கிலோ எடையும் கொண்டிருக்கலாம் என 2021-இல் மதிப்பிட்டனர். அப்பாறையோ உயிர்வளி உச்சத்தை எட்டியதற்கு முந்தைய காலத்தது. ஆகவே, உயிர்வளி மிகுதி ஒன்றே பேருருவுக்குக் காரணம் என்னும் பழைய கருத்தை மறு ஆய்வு செய்ய வேண்டியதாயிற்று.

கல் காத்த கதை

மெல்லிய உடலுடைய மரவட்டை எவ்வாறு கல்லில் தங்கியது? இல்லினாயில் உள்ள மேசான் கிரீக் என்னும் இடம் இதற்கு விடை தருகிறது. அன்று நிலநடுக்கோட்டை ஒட்டி அமைந்திருந்த அப்பகுதியில், ஆறு கடலில் கலக்கும் கழிமுகம் இருந்தது. வெள்ளம் அடித்து வந்த வண்டல், இறந்த உயிர்களை விரைந்து மூடியது. உடல் அழுகும்போது சுற்றியிருந்த சேற்றில் வேதிமாற்றம் நிகழ்ந்து, இரும்புக் கார்பனேட்டு உடலைச் சூழ்ந்து இறுகியது. நாளடைவில் அஃது உருண்டைக் கல்லாயிற்று. அக்கல்லை இரண்டாகப் பிளந்தால், ஒரு பாதியில் உயிரின் பதிவும் மறுபாதியில் அதன் எதிர்ப்பதிவும் காணப்படும்.

சுத்தியலால் அடித்தால் படிவம் சிதையக்கூடும். எனவே சேகரிப்போர் அக்கற்களை நீரில் ஊறவைத்து, உறையவைத்து, மீண்டும் உருகவைப்பர். பலமுறை இவ்வாறு செய்தபின் கல் தானே பிளவுபடும். விரைவாகப் புதைதல், காற்றுப் புகாமை, கனிமம் சூழ்தல் என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றி இத்தகைய மென்னுயிர்கள் கல்லில் தங்குவதில்லை. வாழ்ந்து மறைந்தவற்றுள் மிகச் சிலவே நமக்குக் கிடைத்துள்ளன என்பதை இதனால் உணரலாம். வளையாபதி என்னும் பெருங்காப்பியத்தில் 72 பாடல்களே நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றைக் கொண்டு முழுக்காப்பியத்தை ஊகிப்பது எத்துணை அரிதோ, அத்துணை அரிது புதைபடிவம் கொண்டு பண்டைக் காட்டை ஊகிப்பது.

படிப்பும் பாடபேதமும்

சுவடிகளைப் படிப்போரிடையே பாடபேதம் உண்டு. கல்லைப் படிப்போரிடையேயும் அது நேர்வதுண்டு. மேசான் கிரீக்கில் கிடைத்த 'பேலியோகேம்பா' என்னும் சிற்றுயிரின் உடல் முழுவதும் முட்போன்ற மயிர்க்கற்றைகள் இருந்தன. 1865-இல் அதனை ஒரு கம்பளிப்புழு எனக் கருதினர். பின்வந்தோர் பலகாலி என்றனர். வேறு சிலர் கடற்புழு என்றனர். 2025-இல் வெளியான ஆய்வு, அது கணுக்காலிகளின் தொலைவுறவான, மெல்லிய கால்களையுடைய லோபோபோடியன் என்னும் பண்டைய வகையைச் சேர்ந்தது என நிறுவியது. ஒரே கல்லைப் பற்றிய கருத்து 160 ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளது.

யூஃபோபெரியாவிலோ ஐயம் நீங்கச் சான்று உண்டு. முள் என்பது பல உயிர்களுக்கும் பொது. ஆனால் முதுகுத்தகடு ஒன்றின் கீழ் ஈரிணைக் கால்கள் அமைவது மரவட்டைக்கே உரிய சிறப்பு. அச்சிறப்பு கல்லில் தெளிவாகப் பதிந்திருப்பதால் அதன் இனம் உறுதியாயிற்று. மேலோட்டமான தோற்றத்தைக்கொண்டு முடிவு செய்யாமல், அடிப்படை அமைப்பை நோக்கி முடிவு செய்ய வேண்டும் என்பதே இவ்விரு படிவங்களும் நமக்கு உணர்த்தும் ஆய்வு நெறி.

ஆய்வுக்குப் பட்டமும் பதவியும் துணைசெய்யும். கூர்ந்து நோக்கும் கண்ணும் இன்றியமையாதது. ஸ்காட்லாந்தில் ஸ்டோன்ஹேவன் அருகே கடற்கரைப் பாறையில் ஒரு சென்டிமீட்டர் அளவேயுடைய மரவட்டைத் துண்டு ஒன்றைக் கண்டெடுத்தவர் மைக் நியூமன் என்னும் பேருந்து ஓட்டுநர். காற்றைச் சுவாசிப்பதற்குரிய துளைகள் அதில் தெளிவாக இருந்தன. 40 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட அவ்வுயிருக்கு 2004-இல் அவர் பெயராலேயே 'நியூமோடெஸ்மஸ் நியூமேனி' என்று பெயரிட்டனர். நிலத்தில் காற்றைச் சுவாசித்து வாழ்ந்த மிகப் பழைய விலங்குகளுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. யானையும் புலியும் மனிதனும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே மரவட்டையின் முன்னோர் நிலத்தில் கால் பதித்துவிட்டனர்.

நம் மண்ணில் ஏன் இல்லை?

முள்முதுகு மரவட்டைகளின் படிவங்கள் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிடைத்துள்ளன. காஞ்சிபுரம் மண்ணைத் தோண்டினால் அவை கிடைக்குமா? இவ்வினாவுக்கு விடை காண நம் பாறைகளின் வயதை அறிதல் வேண்டும்.

வடதமிழகத்தின் அடித்தளமாக விளங்கும் சார்னோக்கைட்டு, நைஸ் ஆகிய பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழைமையானவை. நிலத்தின் ஆழத்தில் பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவானவை. விலங்குகள் தோன்றுவதற்கு முந்தையவை ஆதலால் அவற்றில் மரவட்டையைத் தேட இயலாது. இதே மாவட்டத்துத் திருப்பெரும்புதூர்ப் பகுதியில் படிவுப்பாறைகள் உண்டு. அங்குள்ள களிப்பாறைகளில் 'டைலோஃபில்லம்' முதலிய தாவரங்களின் இலைப்பதிவுகள் காணப்படுகின்றன. ஆனால் அவை கிரிட்டேசியஸ் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தவை. முள்முதுகு மரவட்டைகளின் காலத்திற்கு 15 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை. இடைப்பட்ட ஏடுகள் இச்சுவடியில் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கரிமக் காலப் பிற்பகுதியில் இந்தியா, கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தின் ஒரு பகுதியாகத் தென்துருவத்தை நோக்கி அமைந்திருந்தது. அந்நிலத்தின் பெரும்பரப்பைப் பனிப்பாளங்கள் மூடியிருந்தன. ஒடிசாவின் தால்ச்சேர்ப் பகுதியில் பனிப்பாளங்கள் உருட்டிவந்த கற்படிவுகள் இதற்குச் சான்றாக உள்ளன. இல்லினாயும் ஐரோப்பாவும் வெப்பமழைக் காடுகளாக இருந்தபோது நம் நிலம் பனியில் உறைந்திருந்தது. இடம் அதுவே, காலத்தால் அதன் இயல்பு மாறியது.

தெரியுமா?

சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் காணப்படும் கரும்பாறையே சார்னோக்கைட்டு. கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையாலானது. அதனால் தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலார் இப்பாறைக்கு அவர் பெயரை இட்டார். இதே பல்லாவரத்தில்தான் 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார்.

முள் காக்காதது

முட்கள் பகைவரிடமிருந்து காத்தன. காடு மாறியபோது அவை காக்கவில்லை. கரிமக் காலத்தின் இறுதியை ஒட்டி, ஏறத்தாழ 30.5 கோடி ஆண்டுகளுக்குமுன், வெப்பமண்டலச் சதுப்புக்காடுகள் சுருங்கித் துண்டுதுண்டாயின. தட்பவெப்பம் வறட்சியை நோக்கித் திரும்பியது. முள்முதுகுக் குடும்பத்தின் படிவங்கள் கரிமக் காலத்தோடு நின்றுவிடுகின்றன. எத்துணை வலிய கவசம் பூண்ட உயிரும் தன் வாழிடத்தைச் சார்ந்தே வாழ்கிறது. வாழிடம் அழிந்தால் கவசத்தால் பயனில்லை.

இவ்வுண்மை இன்றைய மரவட்டைக்கும் பொருந்தும். அது சருகை உண்டு சிறு துகளாக்குகிறது. அத்துகளில் நுண்ணுயிர்கள் பெருகி மண்ணுக்கு உரமூட்டுகின்றன. மரத்திலிருந்து உதிர்ந்தது மீண்டும் மரத்திற்கே உணவாகும் சுழற்சியில் மண்புழுவைப்போல மரவட்டையும் ஒரு கண்ணி. நாமோ 'குப்பை' என்று கருதிச் சருகைக் கூட்டி எரிக்கிறோம். ஊரும் உயிர் எதுவாயினும் நஞ்சு தெளிக்கிறோம். சருகு எரியும்போது அவ்வுயிரின் உணவும் உறையுளும் ஒருங்கே எரிகின்றன. மண்ணுக்குச் சேரவேண்டிய சத்து புகையாகப் போகிறது. இழப்பு மரவட்டையோடு நிற்பதில்லை. அம்மண்ணை நம்பிய உழவனையும் சேர்கிறது.

ஏரியைக் காக்க ஒரு வாரியத்தையும் தோட்டத்தைப் பேண ஒரு வாரியத்தையும் அமைத்த ஊர் உத்திரமேரூர். நீரும் நிலமும் பொதுச்சொத்து, அவற்றைப் பேணுதல் ஊரார் கடமை என்பது அக்கல்வெட்டால் நாம் பெறும் பாடம். அந்நிலத்தின் வளத்தை ஆரவாரமின்றிப் பெருக்கும் சிற்றுயிர்களைப் பேணுவதும் அக்கடமையுள் அடங்கும். மறைந்த உயிர்களைக் கல்லில் தேடிக் காண்பது அறிவு. வாழும் உயிர்களை மண்ணில் வாழவிடுவது அறம்.

சொல்லும் பொருளும்

கண்டம் – உடலின் பிரிவு; துண்டு
கவைத்தல் – கிளையாகப் பிரிதல்
கழிமுகம் – ஆறு கடலோடு கலக்கும் இடம்
உறையுள் – தங்குமிடம்
பாடபேதம் – ஒரே பகுதி சுவடிதோறும் வேறுபட்டுக் காணப்படுதல்
இருவாழ்விகள் – நீரிலும் நிலத்திலும் வாழ்பவை

இலக்கணக் குறிப்பும் புணர்ச்சியும்

மரவட்டை = மரம் + அட்டை. நிலைமொழி ஈற்று மகரமெய் கெட்டு 'மர + அட்டை' என நின்றது. இரண்டு உயிர்கள் சேருமிடத்தில் வகர உடம்படுமெய் தோன்றி 'மரவட்டை' எனப் புணர்ந்தது.
அழிந்துபட்ட – பெயரெச்சம்
நீரும் நிலமும் – எண்ணும்மை
சிற்றுயிர் – பண்புத்தொகை

கற்பவை கற்றபின்

1. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது. சிதலும் எறும்பும் அங்கு மூவறிவு உயிர்களாகவும், நண்டும் தும்பியும் நாலறிவு உயிர்களாகவும் கூறப்படுகின்றன. மரவட்டையை எவ்வகையுள் சேர்க்கலாம்? அதன் செயல்களை உற்றுநோக்கி, காரணம் காட்டி வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. பள்ளி வளாகத்தில் சருகு கிடக்கும் இடத்தையும் சருகு அகற்றப்பட்ட இடத்தையும் தேர்ந்தெடுத்து, அங்குக் காணப்படும் சிற்றுயிர்களை ஒரு வாரம் கணக்கிட்டு ஒப்பிடுக. உயிர்களைக் கையால் தொடாமலும் துன்புறுத்தாமலும் நோக்குக.

3. 'அகாந்தர்பெஸ்டிஸ்', 'மிரியாகாந்தர்பெஸ்டிஸ்' ஆகியவற்றின் பொருளுணர்ந்து பொருத்தமான தமிழ்க் கலைச்சொற்களை உருவாக்குக.

4. உங்கள் ஊரிலோ அண்டை ஊரிலோ உள்ள கல்வெட்டு ஒன்றைப் பற்றிய செய்திகளைத் திரட்டித் தொகுப்பேடு உருவாக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. மரவட்டையையும் பூரானையும் வேறுபடுத்தும் அடிப்படை அமைப்பு
அ) உடலின் நிறம்
ஆ) கண்டந்தோறும் அமையும் கால்களின் எண்ணிக்கை
இ) உடலின் நீளம்
ஈ) முட்களின் வடிவம்

2. திருப்பெரும்புதூர்ப் பகுதிப் பாறைகளில் காணப்படுபவை
அ) முள்முதுகு மரவட்டைகள்
ஆ) பனிப்பாளக் கற்படிவுகள்
இ) தாவர இலைப்பதிவுகள்
ஈ) ஆர்த்ரோப்ளூராவின் தடயங்கள்

குறுவினா

1. புதைபடிவம் என்பது யாது?
2. 'ஆயிரங்கால்' என்னும் பெயர் 2021-க்குப் பின் மெய்ப்பெயர் ஆனது எவ்வாறு?

சிறுவினா

1. மென்னுடல் உயிர்கள் கல்லில் தங்குவதற்கு ஏற்ற சூழலை மேசான் கிரீக் வழி விளக்குக.
2. பேலியோகேம்பா, யூஃபோபெரியா ஆகிய இரண்டும் உணர்த்தும் ஆய்வு நெறியை எழுதுக.

நெடுவினா

1. 'எத்துணை வலிய கவசம் பூண்ட உயிரும் தன் வாழிடத்தைச் சார்ந்தே வாழ்கிறது' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணைகொண்டும் உங்கள் ஊர்ச் சூழலோடு பொருத்தியும் விளக்குக.